வார்டில் யார் ஆசிரியர்?

(காக்கநாட்டில் தமிழ்க் குடும்பங்களும் நர்சிங் மாணவ மாணவியரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இங்கே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் பலர் தென்காசி, தேனி, கன்னியாகுமரிப் பக்கத்திலிருந்து எர்ணாகுளத்துக்கு நர்சிங் படிக்க வந்தவர்கள். சிலர் வாத்துருத்தியிலும் மட்டாஞ்சேரியிலும் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள். பெற்றோரில் பாதிப்பேர் இன்ஃபோபார்க்கில் வேலை பார்ப்பவர்கள் என்று சொன்னார்கள். அப்படியானால் என் பேச்சு உங்களுக்குச் சுலபமாகப் புரியும். உங்கள் கம்பெனியில் புதிதாக ஒரு பையன் சேர்ந்தால் அவனுக்கென்று ஒரு மென்டாரைக் காட்டிவிடுகிறீர்கள். யாரிடம் போய்க் கேட்பது என்று அவனுக்குத் தெரியும். அவன் தப்பாக எழுதிய புரோகிராமை இன்னொருவர் பார்த்துத் திருத்திய பிறகுதான் வாடிக்கையாளருக்குப் போகிறது. அதே ஊரில், ஒரு மருத்துவமனையில், உயிருள்ள மனிதரின் கையில் முதல் தடவையாக ஊசி ஏற்றப் போகும் பத்தொன்பது வயதுப் பெண்ணிடம் "உனக்கு யாரம்மா மென்டார்?" என்று கேட்டுப் பாருங்கள். விழிப்பாள்.

மாணவி, பெண் என்றே பேசிக்கொண்டு போவேன். ஆண் பிள்ளைகளும் இப்போது நிறையப் படிக்கிறார்கள், கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்களுக்கு லேபர் ரூமில் இருக்கிற தனிக் கஷ்டத்தைப் பற்றியும் சொல்லத்தான் போகிறேன்.

கொஞ்சம் பழைய கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன். 1860-இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் நைட்டிங்கேல் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. கிரிமியப் போருக்குப் பிறகு மக்கள் நன்றியோடு கொடுத்த பணம், சுமார் 45,000 பவுன், அதற்கு முதலாக இருந்தது. மாணவி தங்குவது, சாப்பிடுவது, கற்பது எல்லாம் மருத்துவமனைக்குள்ளேயே. வேலையைச் சொல்லிக்கொடுப்பவர் வார்டு சிஸ்டர். இதில் நான் முக்கியமாக நினைப்பது ஒன்று: அப்படிச் சொல்லிக்கொடுப்பதற்காக அந்தச் சிஸ்டர்களுக்கு நைட்டிங்கேல் நிதியிலிருந்து தனியாகப் பணம் தந்தார்கள். வார்டில் கற்பிப்பது ஒரு வேலை, அதற்குக் கூலி உண்டு என்று அன்றே ஒப்புக்கொண்டுவிட்டார்கள். அது பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. மாணவியை மலிவான வேலையாளாக வைத்து வார்டை ஓட்டும் வழக்கமும் அந்த மாதிரிப் பள்ளிகள் வழியாகத்தான் உலகமெல்லாம் பரவியது.

நம் பக்கத்தில் சென்னை எழும்பூரில் 1844-லேயே பிரசவ மருத்துவமனை வந்துவிட்டது. 1871-இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் நர்ஸ் பயிற்சி தொடங்கியபோது, இங்கிலாந்திலிருந்து வந்த நர்ஸ்கள் அதை நடத்தினார்கள். அதில் முதலில் சேர்ந்தவர்கள் ஏற்கெனவே பிரசவம் பார்க்கும் தகுதி பெற்றிருந்த பெண்கள். லேபர் ரூமைத் தெரிந்துகொண்ட பிறகு பொது வார்டுக்கு வந்தார்கள் அவர்கள். இன்று தலைகீழ். லேபர் ரூம் கடைசியில் வருகிறது, வந்த வேகத்தில் முடிந்தும் விடுகிறது.

பிறகு 1946-இல் டெல்லியிலும் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் நர்சிங் பட்டப்படிப்பு வந்தது. படிப்புக்குப் பல்கலைக்கழக மரியாதை கிடைத்தது. அது வேண்டியதுதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது. ஆனால் கல்லூரிகள் பெருகப் பெருக, ஆசிரியர் மெல்ல வார்டை விட்டு வகுப்பறைக்குள் போய் உட்கார்ந்துவிட்டார். மாணவி கல்லூரி, மருத்துவமனை என்ற இரண்டு வீட்டுக்கும் பொதுப் பிள்ளையானாள். வேலூரிலோ ஒரு பிடிவாதம்: பாடம் நடத்துபவருக்கு நோயாளிப் பொறுப்பும் உண்டு, வார்டில் பொறுப்பில் இருப்பவருக்குக் கற்பிக்கும் பொறுப்பும் உண்டு. ஊசி போடக் கற்றுத் தருபவரே அந்த வார்டின் மருந்து அலமாரிக்கும் பதில் சொல்பவர். அந்தக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு எல்லா இடத்திலும் மதிப்பு இருப்பதற்குக் கட்டடமோ பழைய பெயரோ காரணம் என்று நான் நினைக்கவில்லை. இந்த ஏற்பாடுதான் காரணம்.

மற்ற இடங்களில் போஸ்டிங் எப்படி நடக்கிறது? காலையில் கல்லூரி பஸ் மருத்துவமனை வாசலில் இறக்கிவிடுகிறது. ஒரே வார்டில் இரண்டு மூன்று கல்லூரிச் சீருடைகள். நைட் சிஸ்டர் நோயாளிகளின் நிலையைச் சொல்லி ஓவர் கொடுக்கிறார், மார்னிங் சிஸ்டர் ஓவர் எடுக்கிறார், மாணவிகள் சுவரோரம் நிற்கிறார்கள். இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி பத்து மாணவிக்கு ஓர் ஆசிரியர். பத்துப் பேரும் ஒரே வார்டில் இருந்தால் பரவாயில்லை. நான்கு வார்டில் சிதறினால் அந்த மேடம் மாடி ஏறி இறங்குவதிலேயே பொழுது போய்விடும். வருகைப் பதிவு எடுப்பார், கேஸ் ப்ரசன்டேஷன் கேட்பார், அடுத்த வார்டுக்கு ஓடுவார். மீதி நேரம் முழுக்க மாணவி ஸ்டாஃப் நர்ஸின் கண்ணில்தான். அந்த ஸ்டாஃப் நர்ஸுக்கோ முப்பது நோயாளி, மருந்து நேரம், டாக்டர் ரவுண்ட்ஸ், டிஸ்சார்ஜ் எழுத்து வேலை. சொல்லிக்கொடுப்பது அவருடைய வேலைப் பட்டியலில் இல்லை. நல்ல மனம் இருந்தால் சொல்லிக்கொடுப்பார். இல்லையென்றால், "மோளே, அந்த பி.பி. எல்லாம் எடுத்து எழுதி வை" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

அவரை நான் குறை சொல்ல மாட்டேன். நம் நாட்டில் நர்சிங் கல்வி பெரும்பாலும் இந்தப் பெண்களின் நல்ல மனதை நம்பி ஓடுகிறது. நல்ல மனம் மாத ரோஸ்டரில் எழுதக்கூடிய சரக்கு கிடையாது. அதுதான் கஷ்டம்.

பேட்ரிசியா பென்னர் என்ற அமெரிக்க நர்சிங் அறிஞர் 1984-இல் ஒரு நூல் எழுதினார். புதியவர் என்ற நிலையிலிருந்து வல்லுநர் என்ற நிலைக்கு ஒரு நர்ஸ் ஐந்து படிகளில் ஏறுகிறார் என்றார். எல்லா நர்சிங் கல்லூரியிலும் இதைப் பாடமாக வைத்திருக்கிறோம், தேர்வில் ஐந்து படிகளையும் வரிசையாக எழுதினால் மதிப்பெண் தருகிறோம். அவர் சொன்னதன் உட்பொருளை விட்டுவிட்டோம். வல்லுநரின் அறிவு அவர் செய்யும் வேலைக்குள் ஒளிந்திருக்கிறது; அவரோடு நின்றால்தான் அது கிடைக்கும். நோயாளியின் முகத்தைப் பார்த்ததும் "இவருக்கு என்னவோ சரியில்லை, டாக்டரைக் கூப்பிடு" என்று ஒரு மூத்த சிஸ்டர் சொல்கிறாரே, மானிட்டர் அலறுவதற்கு முன்பே, அது எந்த ஸ்லைடிலும் இருக்காது. அவர் எதைப் பார்த்தார் என்று மாணவி கேட்க வேண்டும், அவருக்குப் பதில் சொல்ல நேரம் வேண்டும். இரண்டு நிமிடம் போதும். அந்த இரண்டு நிமிடத்தைத்தான் நாம் யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

இனி லேபர் ரூம். இங்கே சற்று நிற்கலாம்.

பழைய பாடத்திட்டத்தில் ஒரு மாணவி தன் கையால் நடத்தியிருக்க வேண்டிய சுகப்பிரசவங்கள் 20. இந்தக் கூட்டத்தில் இருக்கும் மூத்த நர்ஸ்கள் எல்லோரும் அவற்றைப் பதிவு செய்யும் கேஸ் புக்கோடு அலைந்தவர்கள்தான். அறுபது பேர் படிக்கும் ஒரு வகுப்புக்கு 1,200 சுகப்பிரசவங்கள் வேண்டும் என்று பொருள். இப்போது கேரளத்தின் நிலையைப் பாருங்கள். ஆண்டுக்கு ஐந்து லட்சத்துக்கு மேல் குழந்தைகள் பிறந்த மாநிலத்தில் இன்று நான்கு லட்சத்துக்கும் குறைவாகத்தான் பிறக்கின்றன. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இங்கே நூறில் கிட்டத்தட்ட 39 குழந்தைகள் சிசேரியனில் பிறக்கின்றன. தமிழ்நாட்டில் அது 45-ஐத் தொடுகிறது, தனியார் மருத்துவமனைகளை மட்டும் எடுத்தால் 63.8. மிச்சமிருக்கும் சுகப்பிரசவத்துக்கு வரிசையில் நிற்பவர்கள் யார்? மேற்படிப்பு டாக்டர், ஹவுஸ் சர்ஜன், எம்.பி.பி.எஸ். மாணவர், ஸ்டாஃப் நர்ஸ், எல்லோருக்கும் பின்னால் நர்சிங் மாணவி. அவளிடம் டார்ச்சைக் கொடுத்து, "இங்கே வெளிச்சம் காட்டு" என்பார்கள்.

அப்புறம் கேஸ் புக் எப்படி நிரம்புகிறது? எல்லோருக்கும் தெரியும், யாரும் மேடையில் சொல்வதில்லை. பார்த்த பிரசவம் நடத்திய பிரசவமாகிறது. தோழி நடத்தியது தன் புத்தகத்துக்கும் வருகிறது. பார்டோகிராம் பிரசவம் முடிந்த பிறகு, நிதானமாக, அழகான கோடுகளோடு வரையப்படுகிறது. பிரசவ வலியில் இருக்கும் பெண்ணுக்குக் கருப்பை வாய் எவ்வளவு திறந்திருக்கிறது, குழந்தையின் இதயத் துடிப்பு எப்படி இருக்கிறது என்று நேரத்துக்கு நேரம் குறித்து, கோடு எச்சரிக்கைக் கோட்டைத் தாண்டுகிறதா என்று பார்ப்பதற்காக வந்த தாள் அது. முடிந்த பிறகு வரைந்தால் அது வெறும் ஓவியம். இந்தப் பொய்யைச் செய்யும் மாணவி கெட்டவள் இல்லை. செய்யாவிட்டால் அவளால் தேர்வுக்கே உட்கார முடியாது. எட்டவே முடியாத எண்ணிக்கையைக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுகிற பெரியவர்கள்தான் முதல் குற்றவாளிகள்.

ஆண் மாணவர்களுக்கு வருகிறேன். பல இடங்களில் லேபர் ரூம் கதவுக்கு வெளியேதான் அவர்களுடைய போஸ்டிங். பெண் டாக்டர்தான் வேண்டும் என்று ஒரு தாய் சொன்னால் அதை மதிக்க வேண்டும், அதில் விவாதம் இல்லை. ஆனால் அவரிடம் யாரும் கேட்பதே இல்லை. ஆண் டாக்டர் உள்ளே போகிறார், ஆண் நர்சிங் மாணவன் வெளியே நிற்கிறான். "அம்மா, இவர் படிக்கிற பிள்ளை, உங்களுக்குச் சம்மதமா?" என்று கேட்பதுதான் நியாயம். பெண் மாணவி நிற்பதற்கும் அதே சம்மதத்தைக் கேட்க வேண்டும். அந்தக் கேள்வியே ஒரு பாடம்.

வழி இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டில் 2000-களில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று ஸ்டாஃப் நர்ஸ்களை ஷிப்டு முறையில் அமர்த்தி 24 மணி நேரமும் பிரசவம் பார்க்கும் ஏற்பாடு வந்தது. அங்கே சுகப்பிரசவத்தை நடத்துபவர் நர்ஸ். மாணவி அவர் பக்கத்தில் நின்றால் கையைக் கழுவுவதிலிருந்து தொப்புள்கொடி கட்டுவது வரை முழுப் பிரசவத்தையும் பார்க்கலாம். கேரளத்தில் பிரசவங்கள் பெரிய மருத்துவமனைகளில் மகப்பேறு டாக்டர்களிடம் குவிந்துவிட்டன. தாய்மார்களுக்கு அது நன்மையாகவே முடிந்திருக்கிறது. 2018-20 கணக்கில் உயிருடன் பிறந்த ஒரு லட்சம் குழந்தைகளுக்கு 19 தாய்மார் மரணம் என்பது அன்று நாட்டிலேயே மிகக் குறைவு. அந்த வெற்றியை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அதே ஏற்பாட்டில், சுகப்பிரசவத்தைத் தனியாக நடத்தும் துணிவுள்ள நர்ஸ் உருவாகும் இடம் சுருங்கிவிட்டது. இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

2017-இல் தெலங்கானா அரசு, யுனிசெஃப், ஹைதராபாத்தின் ஃபெர்னாண்டஸ் மருத்துவமனை மூன்றும் சேர்ந்து கரீம்நகரில் தொழில்முறை மிட்வைஃப்களைப் பயிற்றுவிக்கத் தொடங்கின. 2018 டிசம்பரில் மத்திய அரசு நாடு முழுவதற்கும் வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது: ஏற்கெனவே நர்ஸாக இருப்பவருக்குப் பதினெட்டு மாதப் பயிற்சி. அந்த நெறிமுறையில் எனக்குப் பிடித்தது, முதலில் பயிற்றுநர்களைத் தயார் செய்வது, அவர்களைக் கொண்டு பிறகு மிட்வைஃப்களைத் தயார் செய்வது என்ற வரிசை. நம் கல்லூரிகளில் கட்டடம் முதலில் எழும்புகிறது, சேர்க்கை அடுத்து நடக்கிறது, ஆசிரியரைக் கடைசியில் தேடுகிறோம்.

உங்களில் பலருக்கு மனதில் லண்டன் இருக்கிறது, எனக்குத் தெரியும். ஐ.இ.எல்.டி.எஸ்., ஓ.இ.டி. என்ற ஆங்கிலத் தேர்வுகள், என்.எம்.சி. என்ற பிரிட்டன் நர்சிங், மிட்வைஃபரி கவுன்சில் எல்லாம் இங்கே வீட்டுப் பேச்சு. பிரிட்டனில் எப்படி என்று சொல்கிறேன். நர்சிங் மாணவி மொத்தம் 4,600 மணி நேரம் படிக்க வேண்டும், பாதி வகுப்பில், பாதி நோயாளி பக்கத்தில். மிட்வைஃபரி மாணவி தானே முன்னின்று நடத்த வேண்டிய பிரசவங்கள் 40. வார்டுப் பணியாளர் எண்ணிக்கையில் மாணவியைச் சேர்க்கக் கூடாது என்பது விதி. அதாவது, "இன்று ஒரு ஸ்டாஃப் லீவு, மூன்று மாணவிகள் இருக்கிறார்கள், சமாளித்துக்கொள்ளலாம்" என்ற கணக்கு அங்கே சட்டப்படி செல்லாது. நடைமுறையில் அங்கேயும் மாணவிகள் முணுமுணுக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் சுட்டிக்காட்டி முணுமுணுக்க ஒரு விதி இருக்கிறது.

2003-இல் கேத்லீன் டஃபி என்ற ஆய்வாளர் ஸ்காட்லாந்திலிருந்து ஓர் ஆய்வு வெளியிட்டார். தேற வைக்கக் கூடாத மாணவர்களையும் மென்டார்கள் தேற வைத்துவிடுகிறார்கள் என்று கண்டார் அவர். இரக்கம், நேரமின்மை, பின்னால் வரும் விசாரணைத் தொல்லை, கடைசி வருடத்தில் போய் எப்படி நிறுத்துவது என்ற தயக்கம், எல்லாம் சேர்ந்து கையெழுத்துப் போட வைத்தன. கேஸ் புக் விஷயத்தில் நாம் செய்வதும் இதுதானே? பிறகு 2018-இல் பிரிட்டனின் நர்சிங், மிட்வைஃபரி கவுன்சில் பழைய மென்டார் முறையையே எடுத்துவிட்டது. கூட நின்று சொல்லித்தருபவர் ஒருவர், தகுதி வந்துவிட்டதா என்று தீர்ப்புச் சொல்பவர் வேறொருவர், கல்லூரித் தரப்பில் இன்னொருவர் என்று பொறுப்பைப் பிரித்தது. அன்பாக இருப்பதையும் தீர்ப்புச் சொல்வதையும் ஒரே ஆளிடம் கேட்டால் இரண்டும் கெடும் என்று அவர்களுக்குப் புரிந்துவிட்டது. நமக்கு முழுதாக அதே முறை வேண்டாம், அதற்குரிய ஆள்பலம் நம்மிடம் இல்லை. கேஸ் புக்கில் கையெழுத்துப் போடுபவர் அந்தப் பிரசவத்தின்போது அறைக்குள் இருந்தவராக இருக்க வேண்டும் என்ற ஒரே விதியைக் கடுமையாகப் பிடித்தாலே போதும், பாதிப் பொய் நின்றுவிடும்.

கேரளத்தில் "டிரெய்னி" என்ற பெயரில் என்ன நடந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. படித்து முடித்த பெண்களைப் பயிற்சி என்று சொல்லி, சொற்பச் சம்பளத்துக்கு, சான்றிதழைப் பிடித்து வைத்துக்கொண்டு வேலை வாங்கினார்கள். 2011, 2012-இல் இந்தக் கொச்சியிலேயே நர்ஸ்கள் தெருவுக்கு வந்தார்கள். அரசு அமைத்த டாக்டர் பலராமன் குழு 2012-இல் அறிக்கை தந்தது. தனியார் மருத்துவமனை நர்ஸுக்குக் குறைந்தபட்சம் 20,000 ரூபாய் என்ற அறிவிப்பு வர 2018 ஆயிற்று. இப்போதைய பி.எஸ்சி. பாடத்திட்டத்தில் கடைசி செமஸ்டர் முழுக்க இன்டர்ன்ஷிப். நல்ல ஏற்பாடு. ஆனால் கூட நின்று சொல்லித்தர ஆள் இல்லாத இன்டர்ன்ஷிப் அந்தப் பழைய டிரெய்னி வேலையின் புதுப் பெயராகிவிடும். பெற்றோர் இதில் விழிப்பாக இருக்க வேண்டும்.

சீனியர்களைப் பற்றி ஒரு சொல். 2025 பிப்ரவரியில் கோட்டயம் அரசு நர்சிங் கல்லூரியில் முதலாண்டு மாணவர்களைக் கொடுமைப்படுத்தியதாக மூத்த மாணவர்கள் ஐந்து பேர் கைதான செய்தியைப் படித்திருப்பீர்கள். வலியைத் தணிக்கப் படிக்கிறவர்கள். சேச்சி, சேட்டன் என்று கூப்பிடும் உறவு வார்டில் பெரிய பலம். முதல் நாள் பயத்தைப் போக்குவது பெரும்பாலும் அவர்கள்தான். அதனாலேயே பெரியவர்களின் கண் அதன்மீது இருக்க வேண்டும்.

மருத்துவமனைக்கு வெளியே நடக்கும் போஸ்டிங்கை வீண் பொழுது என்று நினைக்கும் பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மட்டாஞ்சேரிக்குப் போங்கள். ஒரு தெருவில் கொங்கணி, அடுத்ததில் கச்சி, குஜராத்தி, இன்னொன்றில் தக்கினி உருது, நடுவில் நம் தமிழ், எல்லாவற்றுக்கும் பொதுவாக மலையாளம். கர்ப்பிணிக்கு இரும்புச்சத்து மாத்திரையைக் கொடுத்துவிட்டு வருவது சுலபம். அவர் ஏன் அதைச் சாப்பிடாமல் அலமாரியில் வைத்திருக்கிறார் என்பதைத் தெரிந்துகொள்ள அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார வேண்டும். அங்கே உங்களுக்கு ஆசிரியர் ஜே.பி.எச்.என். என்ற இளநிலைப் பொதுச் சுகாதார நர்ஸ் சிஸ்டரும் ஆஷா சுகாதாரப் பணியாளரான சேச்சியும். எந்த வீட்டில் மாமியாரிடம் பேச வேண்டும், எந்த வீட்டில் கணவர் வரும் நேரத்தில் போக வேண்டும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். 2025-இல் மாதக்கணக்கில் திருவனந்தபுரத்தில் தலைமைச் செயலகத்தின் முன் உட்கார்ந்து ஊதியம் கேட்டவர்கள் இந்த ஆஷாக்கள்தான். நம் பிள்ளைகளுக்குக் கற்பிப்பவர்களில் எத்தனை பேருக்கு ஆசிரியர் என்ற பெயரே இல்லை, பாருங்கள்.

மருத்துவமனை நிர்வாகிகள் யாராவது இங்கே இருந்தால் அவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன்: ஒவ்வொரு ஷிப்டிலும் மாணவிகளுக்கென்று ஒரு ஸ்டாஃப் நர்ஸின் பெயரை ரோஸ்டரில் எழுதுங்கள். அன்று அவருக்கு இரண்டு நோயாளியைக் குறையுங்கள். கல்லூரி உங்களுக்குத் தரும் போஸ்டிங் கட்டணத்தில் ஒரு பங்கு அவர் கைக்குப் போகட்டும். நைட்டிங்கேல் நிதி 1860-இல் செய்ததைத்தான் கேட்கிறேன்.

மாணவிகளே, தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். செய்யாத பிரசவத்தைச் செய்ததாக எழுதாதீர்கள். எண்ணிக்கை குறைந்தால் கல்லூரியிடம் எழுத்தில் கேளுங்கள், தனியாக வேண்டாம், வகுப்பு முழுக்கச் சேர்ந்து கேளுங்கள்.

பெற்றோரே, அடுத்த பிள்ளையைச் சேர்க்கும்போது கட்டணம், ஹாஸ்டல், வெளிநாட்டு வேலை வாய்ப்பு என்று மட்டும் விசாரித்துவிட்டு வந்துவிடாதீர்கள். எந்த மருத்துவமனையில் போஸ்டிங், அங்கே மாதம் எத்தனை சுகப்பிரசவம், எத்தனை கல்லூரிகள் அதைப் பங்கு போட்டுக்கொள்கின்றன, என் பிள்ளை வார்டில் நிற்கும்போது பக்கத்தில் நிற்பவர் யார் என்று கேளுங்கள். இதற்கு நேரான பதில் சொல்லாத கல்லூரியில் பணம் கட்டாதீர்கள்.